சுற்றாத பேரிங் ஏன் முதலில் தேய்கிறது?

உங்கள் சைக்கிளை வைத்து ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக்கொள்ளுங்கள். மற்றொரு கையின் இரண்டு விரல்களால் ஹேண்டில் பாரை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். புதிய சைக்கிளானால் ஹேண்டில் தடையின்றித் திரும்பும். பல ஆண்டுகள் ஓடிய சைக்கிளானால், அது நேராக வரும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததுபோல் 'கட்' என்று தட்டுப்படக்கூடும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மறுபடியும் எளிதாகத் திரும்பும்.

இப்போது முன்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். அதே பழைய சைக்கிளில் சக்கரம் பெரும்பாலும் தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இது சற்று வியப்பானது அல்லவா? நாளொன்றுக்கு 10 கி.மீ. ஓட்டினால் சைக்கிள் சக்கரம் 4,500 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஹேண்டிலோ ஒருமுறைகூட முழுச் சுற்று சுற்றுவதில்லை. இரண்டிலும் இருப்பவை எஃகுக் குண்டுகள்தாம். அதிகம் உழைப்பதுதானே முதலில் தேயவேண்டும்? இங்கே அசையாமல் இருப்பது முதலில் கெட்டுப்போகிறது!

இந்தப் புதிருக்கு விடை காண, சங்கிலியே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளின் அடியில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்ப்போம்.

சங்கிலி இல்லாத வண்டி

நாம் சாலையில் காணும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் ஆற்றலைச் சங்கிலியே பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. லாரியில் இந்த வேலையைச் செய்வது அதன் அடியில் நீளவாக்கில் சுழலும் தண்டு. மோட்டார் சைக்கிளிலும் இத்தகைய சுழல்தண்டைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அவர்களுள் புகழ்பெற்றது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம். 1923-ஆம் ஆண்டில் மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியியலார் வடிவமைத்த ஆர் 32 என்னும் வண்டி, அந்நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த முதல் மோட்டார் சைக்கிள். அதன் எஞ்சின் 494 கன செ.மீ. கொள்ளளவும் 8.5 குதிரைத்திறனும் கொண்டது. எஞ்சினின் முக்கியத் தண்டு வண்டியின் நீளவாக்கில் அமைந்திருந்ததால், ஆற்றலை நேராகப் பின்னுக்குக் கொண்டு செல்லச் சுழல்தண்டு மிகப் பொருத்தமாக இருந்தது.

அந்த வண்டியின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தது. மேடுபள்ளங்களில் அதிர்ச்சி தாங்க, சக்கரம் மேலும் கீழும் அசையவேண்டும் என்ற தேவை பின்னர் வந்தது. 1955-இல் வந்த பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் பின்சக்கரத்தைக் கவை போன்ற ஓர் அமைப்பு தாங்கியது. அதன் முன்முனை கதவுக் கீல் போலச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பின்முனை சக்கரத்துடன் மேலும் கீழும் ஆடும். பட்டறைகளில் இதை ஸ்விங் ஆர்ம் என்பார்கள். அதன் வலது கை உள்ளீடற்ற குழாய். அந்தக் குழாயினுள்தான் சுழல்தண்டு ஓடியது. சங்கிலியைப்போல் இதன்மேல் தூசியும் சேறும் படிவதில்லை. அடிக்கடி இறுக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கியர் பெட்டியோ சட்டத்தில் அசையாமல் இருக்கிறது. சக்கரமோ மேலும் கீழும் ஆடுகிறது. நேரான தண்டு ஒன்று இந்த இரண்டையும் எப்படி இணைப்பது?

வளைந்தும் சுழலும் மூட்டு

சாலையோரத்தில் லாரிக்கு அடியில் படுத்து மெக்கானிக் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்தண்டின் முனையில் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் எஃகுத் துண்டு இருக்கும். இதைக் 'கிராஸ்' என்பார்கள். கிராஸின் எதிரெதிரான இரண்டு முனைகளை ஒரு தண்டின் கவையும், மற்ற இரண்டு முனைகளை அடுத்த தண்டின் கவையும் பிடித்துக்கொள்கின்றன. அதனால் தண்டுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தாலும் ஒன்றின் சுழற்சி மற்றொன்றுக்குச் சென்றுவிடும். சுருள்வில்லின் விதியை நமக்குத் தந்த இராபர்ட் ஹூக், 1676-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மூட்டை விளக்கியிருக்கிறார்.

இந்த மூட்டு முற்றிலும் குறையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் தண்டு நிமிடத்துக்கு 1,000 சுற்று என்ற ஒரே சீரான வேகத்தில் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் தண்டு 10 பாகை சாய்ந்திருந்தால், அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 985-க்கும் 1,015-க்கும் இடையே ஏறி இறங்கும். 30 பாகை சாய்ந்திருந்தால் 866-க்கும் 1,155-க்கும் இடையே ஊசலாடும். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் கோசைன் அட்டவணையைப் பாருங்கள். 1,000-ஐ அந்தக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் சிறிய எண்ணும், வகுத்தால் பெரிய எண்ணும் கிடைக்கும்.

சாய்வு குறைவாக இருந்தால் இந்த ஊசலாட்டத்தால் பெரிய தீங்கில்லை. 1955 முதல் வந்த அந்த வண்டிகளில், தண்டின் முன்முனையில், ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சுக்கு நேராக, ஒரே ஒரு மூட்டை மட்டும் வைத்தார்கள். 1987-இல் வந்த ஆர் 100 ஜி.எஸ். வண்டியில் இரண்டு மூட்டுகள் இடம் பெற்றன. இரண்டையும் சரியான நிலையில் பொருத்தினால், முதல் மூட்டு உண்டாக்கும் ஊசலாட்டத்தை இரண்டாவது மூட்டு பெருமளவு நேர்செய்துவிடும்.

இரண்டு இடம், ஒரே தொல்லை

இந்த அமைப்பில் நமக்கு வேண்டிய பேரிங்குகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள். இவற்றினுள் ஒரு பக்கம் சற்றுக் குறுகிய உருளைகள் இருக்கும். அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898-இல் காப்புரிமை பெற்ற வகை இது. அடுத்து, கிராஸின் நான்கு முனைகளிலும் ஊசிபோல் மெலிந்த உருளைகள் கொண்ட பேரிங்குகள். இவை சிறு கிண்ணங்களுக்குள் மூடி வைக்கப்பட்டவை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஸ்விங் ஆர்மின் நீளம் 50 செ.மீ. என்றும், சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய முழு அளவு 12 செ.மீ. என்றும் கொள்வோம். 12-ஐ 50-ஆல் வகுத்தால் 0.24 ரேடியன். அதாவது ஏறத்தாழ 14 பாகை. பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்விங் ஆர்ம் இதற்குமேல் ஆடமுடியாது. பேரிங்கின் உள்வளையம் திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதிதான் உருளைகள் நகரும். ஆகவே உருளைகள் நகர்வது 7 பாகை. ஒரு பேரிங்கில் 18 உருளைகள் இருந்தால் அடுத்தடுத்த உருளைகளுக்கு இடையே 20 பாகை இருக்கும். வண்டி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஓர் உருளை தன் பக்கத்து உருளையின் இடத்தை ஒருபோதும் எட்டுவதில்லை! அதே வண்டியின் சக்கரமோ 1 கி.மீ. ஓடுவதற்குள் சுமார் 500 முறை சுற்றிவிடுகிறது.

சுற்றுகிற பேரிங்கில் நடப்பது என்ன? குண்டோ உருளையோ உருளும்போது மசகையும் தன்னோடு இழுத்து வருகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாதபடி இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படலம் புதுப்பிக்கப்படுகிறது. பாரத்தையும் வளையத்தின் வெவ்வேறு பகுதிகள் மாறி மாறி ஏற்கின்றன.

ஒரே இடத்தில் ஆடுகிற பேரிங்குக்கு இந்த வாய்ப்பு இல்லை. உருளை முன்னும் பின்னும் சிறிதளவே அசைந்து, தன் அடியிலுள்ள கிரீஸை இருபுறமும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. அப்போது எஃகும் எஃகும் நேருக்கு நேர் உரசுகின்றன. பெயர்ந்து வரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செந்நிற இரும்பு ஆக்சைடாக மாறுகின்றன. அந்தத் தூள் உப்புத்தாள்போல் மேலும் அராவுகிறது. உருளைகள் இருந்த இடங்களில் வரிவரியாகப் பள்ளங்கள் விழுந்துவிடுகின்றன.

கிராஸ் முனைகளிலும் இதே கதைதான். தண்டு சுழன்றாலும் அங்குள்ள ஊசி உருளைகள் முழுச் சுற்று சுற்றுவதில்லை. தண்டுகளின் சாய்வு 5 பாகை என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் இப்புறம் 5, அப்புறம் 5 எனப் 10 பாகைக்குள் ஆடுகின்றன. சாய்வே இல்லாமல் தண்டுகளை ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி வைத்தால் ஊசி உருளைகள் சிறிதும் அசையாமல் நின்று, அதே இடத்தில் பாரம் தாங்கி, விரைவில் பள்ளம் விழச் செய்துவிடும். அதனால்தான் லாரிகளின் சுழல்தண்டை அமைப்போர், சிறிதளவு சாய்வை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

ரயிலில் வந்த புதுக் கார்கள்

1930-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரிலிருந்து புதிய கார்களை ரயிலில் ஏற்றித் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவற்றை இறக்கி ஓட்டியபோது சில கார்களின் சக்கர பேரிங்குகள் இரைந்தன. திறந்து பார்த்தால், சாலையில் ஓடியே இராத அந்த பேரிங்குகளில் வரிசையாகப் பள்ளங்கள்! காரைக் கட்டி வைத்திருந்ததால் சக்கரங்கள் சுற்றவில்லை. ரயிலின் இடைவிடாத அதிர்வில் அவை நின்ற இடத்திலேயே நுண்ணியதாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டமே போதுமானதாக இருந்தது.

சுவீடன் நாட்டுப் பொறியியலார் பிரினெல் 1900-இல், கடினமான எஃகுக் குண்டை ஓர் உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் பள்ளத்தை அளந்து அதன் கடினத்தன்மையைக் கணக்கிடும் முறையை அறிமுகப்படுத்தினார். பேரிங்கில் பலத்த அடி விழுந்து பள்ளமானால் அதை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அடியே விழாமல் ஆட்டத்தால் மட்டும் உண்டாகும் பள்ளத்துக்குப் 'பொய் பிரினெல்' தேய்மானம் என்று பெயர் வந்தது.

இரண்டையும் ஓர் உருப்பெருக்கியைக் கொண்டே வேறுபடுத்தலாம். அடிபட்ட பள்ளத்தின் அடியில், தொழிற்சாலையில் சாணை பிடித்த மெல்லிய கோடுகள் அழியாமல் இருக்கும். ஆட்டத்தால் தேய்ந்த பள்ளத்தில் அந்தக் கோடுகள் அழிந்திருக்கும். செந்நிறத் தூளும் காணப்படும். உங்கள் சைக்கிள் ஹேண்டிலின் 'கட்' என்ற தட்டுதலும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வீட்டில் செய்யும் பழுதுபார்ப்பு

இனி, 1969 முதல் பெர்லின் நகரின் ஸ்பாண்டாவ் ஆலையில் உருவான, ஒரே மூட்டு உள்ள பி.எம்.டபிள்யூ. வண்டிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில் இவற்றை வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். வண்டியின் எடை ஏறத்தாழ 200 கிலோ. ஆகவே அனுபவமுள்ள பெரியவரோடு சேர்ந்தே செய்யத்தக்க வேலை இது.

முதலில் நோயறிதல். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, அது சரியாதபடி முட்டுக் கொடுக்கவேண்டும். தரையைத் தொடாத பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். மற்றொருவர் ஸ்விங் ஆர்மும் சட்டமும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 20 செ.மீ. தூரம் இருந்து, ஒன்றில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தால், 50 செ.மீ. தள்ளியுள்ள சக்கரத்தில் அது 0.5 மி.மீ. ஆகிவிடும். வளைவுகளில் பின்சக்கரம் தன் விருப்பத்துக்குத் திரும்பப் பார்க்கும்; வண்டி நெளியும். மூட்டு இறுகிப்போனாலோ உடைந்தாலோ, ஓடும் வேகத்தில் சக்கரமே நின்றுவிடக்கூடும்.

அடுத்து, சுழல்தண்டு ஓடும் குழாயிலுள்ள எண்ணெயை வடித்துவிடவேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பர்களின் கீழ்முனையையும் பிரேக் கம்பியையும் விடுவிக்கவேண்டும். கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள ரப்பர் உறையை ஒதுக்கினால், மூட்டைக் கியர் பெட்டியோடு இணைக்கும் நான்கு போல்ட்டுகள் தெரியும். அவற்றையும் கழற்றவேண்டும்.

இந்த நிலையில் உடனே ஸ்விங் ஆர்மை உருவிவிடாதீர்கள். அதை மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சைக்கிள் ஹேண்டிலில் செய்த அதே சோதனைதான்! வழுக்கிக்கொண்டு ஆடினால் நலம். இடையில் எங்கேனும் தட்டினால் பேரிங்கில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள்.

பிறகு இருபுறமும் உள்ள பூட்டு நட்டுகளையும் முளை ஆணிகளையும் கழற்றினால் ஸ்விங் ஆர்ம் தண்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். தண்டின் முனையிலுள்ள கிராஸை நான்கு பக்கமும் மடக்கிப் பாருங்கள். தட்டுதலோ விறைப்போ ஆட்டமோ இருக்கக்கூடாது. இந்தக் கிண்ணங்கள் ஆலையிலேயே அடைத்து மூடப்பட்டவை. கிரீஸ் வைக்க வழியில்லை. குறை தெரிந்தால் மாற்றுவதே முறை.

ஸ்விங் ஆர்ம் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தவேண்டும். அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகியிருந்தால் வியப்படையாதீர்கள். கழுவிய பின் வளையத்தின் உட்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் வரிப்பள்ளங்கள் இருப்பது தெரிந்துவிடும். பள்ளம் இருந்தால் உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். பள்ளம் இல்லையென்றால், ஒவ்வோர் உருளைக்கும் அடியில் புகும்படி புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்பவேண்டும். சுற்றும் பேரிங்குக்கு அதன் சுழற்சியே ஓயாது செய்து தரும் வேலையை, ஆடும் பேரிங்குக்கு இப்போது நம் கை செய்கிறது.

அளவான இறுக்கம்

திரும்பப் பூட்டும்போது இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. முதலாவது, ஸ்விங் ஆர்முக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கவேண்டும். அப்போதுதான் குழாயினுள் தண்டு நடுவில் ஓடும். இரண்டாவது, முளை ஆணிகளை இறுக்கும் அளவு. தளர்வாக விட்டால் ஆட்டம் வரும். முறுக்கி இறுக்கினால் உருளைகள் வளையத்தை நசுக்கும். முதலில் சற்றுக் கூடுதலாக இறுக்கி உருளைகளைத் தம் இடத்தில் அமரச் செய்து, பின்பு தளர்த்தி, கையேட்டில் கண்ட சிறிய அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்கவேண்டும். பூட்டு நட்டை இறுக்கிய பின் ஸ்விங் ஆர்மை மறுபடியும் ஆட்டிப் பார்ப்பது நல்லது.

மூட்டின் நான்கு போல்ட்டுகள் எஞ்சினின் ஆற்றல் முழுவதையும் கடத்துபவை. பழையவற்றைத் திரும்பப் பூட்டாமல், மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துப் புதிய போல்ட்டுகளைப் பூட்டவேண்டும். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால் பிடிப்பு சீராக அமையும்.

பின்சக்கரத்தையும் அதை ஓட்டும் பற்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் பல்வரிசைகளையும் கவனிக்கவேண்டும். அங்கும் பற்கள் நுண்ணியதாக உரசிக்கொண்டே இருப்பதால் அதே செந்நிறத் தூள் தோன்றும். இங்கே மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையைப் பூசுகிறார்கள். இந்தச் சேர்மத்தின் மூலக்கூறு அடுக்குகள் சீட்டுக்கட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குகின்றன. எண்ணெய் பிதுங்கிப் போனாலும் இந்தத் திண்மப் படலம் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு காக்கும்.

கடைசியாக, குழாயினுள் புதிய எண்ணெயை ஊற்றவேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதை மறந்தவர்கள் உண்டு! வடித்த உடனேயே 'எண்ணெய் இல்லை' என்று ஓர் அட்டையில் எழுதி ஹேண்டிலில் கட்டிவிட்டால், மறதிக்கு இடமில்லை.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

இப்படிப்பட்ட வண்டி உங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்பதில்லை. சைக்கிள் ஹேண்டிலின் அடிக்கிண்ணத்தைத் திறந்தாலே இந்த அறிவியல் முழுவதும் அங்கே இருக்கிறது. பழைய குண்டுகளை எடுத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, பள்ளங்களை எண்ணிப் பாருங்கள். அவை கிண்ணத்தில் இருந்த குண்டுகளின் இடைவெளிக்கு ஒத்து வருகின்றனவா? செந்நிறத் தூள் இருக்கிறதா? பள்ளம் விழாத கிண்ணமானால், ஒரு கரண்டி கிரீஸும் அரை மணி நேர உழைப்பும் அதைப் பல ஆண்டுகள் காக்கும்.

அடுத்த முறை எண்ணெய்க் குப்பியை எடுக்கும்போது, விரைந்து சுற்றும் சக்கரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அசையாததுபோல் இருந்து சிறிதே ஆடும் இடங்கள் எவை என்று தேடுங்கள். மசகைத் தானாகத் தேடிக்கொள்ள முடியாத அவற்றுக்குத்தான் உங்கள் கை முதலில் தேவை.